தாளின் உரிமையும் வண்டியின் உரிமையும்: கேம்பர் ட்ரெய்லர் டிராயிங்குகளும் இணைய மறுவிற்பனையும்

கேம்பர் ட்ரெய்லர் என்பது காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு படுக்கையறை. இரும்புச் சேசிஸ், ஒற்றை ஆக்சில், அதன்மேல் பிளைவுட் கூடு, பின்கதவைத் தூக்கினால் ஒரு சமையல் மேடை. நீர்த்துளி வடிவில் இருப்பதால் 'டியர்டிராப்' என்று பெயர் பெற்ற வகை 1930களில் அமெரிக்காவில் பரவியது. வீட்டுக் கொட்டகையில் தாமே செய்துகொள்ள விரும்பியவர்களுக்காக அந்நாட்டுப் பொழுதுபோக்கு இதழ்கள் அளவுகளோடு படங்களை வெளியிட்டன. பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடியாக வருவதால் இந்த வண்டிகளில் பலவும் அதே நீள அகலத்தில் அமைந்தன. இன்று அந்தப் படங்களின் இடத்தைக் கணினிக் கோப்புகள் பிடித்துக்கொண்டன. ஒரு டிராயிங் தொகுப்பில் பக்கத்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம், பலகையை வீணாக்காமல் வெட்டும் கணக்கு, சாமான் பட்டியல், வயரிங் படம், படிப்படியான செய்முறை எல்லாம் இருக்கும்.

இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஒரு வண்டியைக் கட்டி, கட்டும்போது கண்ட பிழைகளைத் திருத்தி, அடுத்தவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று தாளில் இறக்கிவைப்பவர்கள். சிறு விலைக்கு விற்பார்கள், சிலர் இலவசமாகவே கொடுப்பார்கள். திருட்டு நடக்கும் முறை எளிது. ஒருவர் ஒரு பிரதியை வாங்குகிறார், முகப்புத் தாளை மாற்றுகிறார், வேறு நூறு தொகுப்புகளோடு சேர்த்து ஓர் இணையச் சந்தையில் கடை விரிக்கிறார். இலவசமாகக் கிடைத்ததை விலைபோட்டு விற்பதும் உண்டு. எழுதியவர் இழக்கும் காசு பல சமயம் பெரிய தொகை அல்ல. பெரிய நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. எழுதியவர் ஆக்சில் இருக்கும் இடத்தைத் திருத்தி இரண்டாம் பதிப்பு போட்டிருப்பார். மறுவிற்பனைக்காரரிடம் ஓடுவது முதல் பதிப்பு. அதைப் பார்த்துக் கட்டிய வண்டி சாலையில் ஆட்டம் கண்டால் பழி மூலவரின் பெயருக்கே வரும்.

இந்தியாவில் இந்த ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. டிராயிங் கையில் இருப்பது சாலையில் ஓட்ட அனுமதி ஆகாது. ட்ரெய்லருக்கும் பதிவு தேவை. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பொறுப்புள்ள வரைவாளர் இந்த எச்சரிக்கைகளை முதல் பக்கத்தில் போடுவார். களவாடி விற்பவர் முதலில் கிழிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சட்டத்தின் கண்ணில் ஒரு டிராயிங் தொகுப்பு ஒரே பொருள் அல்ல. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'கலைப்படைப்பு' என்று சொல்லும்போது ஓவியம், சிற்பத்தோடு நிற்பதில்லை. வரைபடம், நிலப்படம், விளக்கப்படம், திட்டப்படம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆக, பக்கத்தோற்றமும் வெட்டுத்தோற்றமும் கலைப்படைப்பு. செய்முறை விளக்கம் இலக்கியப் படைப்பு. சாமான் பட்டியலும் வெட்டுக் கணக்கும் அட்டவணை, தொகுப்பு என்ற வகையில் அதே இலக்கியப் படைப்புக்குள் வரும். கட்டும்போது எடுத்த புகைப்படங்களுக்குத் தனி உரிமை. திருடுபவர் ஒரே கோப்பை நகலெடுக்கும்போது இத்தனை உரிமைகளையும் ஒருசேர மீறுகிறார். புகார் எழுதும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுவதன் பயன் பின்னால் தெரியவரும்.

உரிமையின் எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு. உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் ஒரு நாடகத்தையும் திரைப்படத்தையும் ஒப்பிட்டு இதை நிலைநிறுத்தியது. ட்ரெய்லர் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் கொக்கியில் விழும் எடை. மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு முன்கொக்கியில் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது ட்ரெய்லர் பாம்பாக நெளியும். இது இயற்பியல், யாருக்கும் சொந்தமில்லை. அந்த எடை வருமாறு ஆக்சிலை எங்கே வைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அம்புக்குறி போட்டு, குறிப்பு எழுதிய அந்தத் தாள் ஒருவருக்குச் சொந்தம். இன்னொருவர் தாமே கணக்கிட்டுத் தாமே வரைந்தால், இரண்டு தாளிலும் ஆக்சில் ஒரே இடத்தில் வந்து நின்றாலும் குற்றமில்லை. எவ்வளவு உழைப்பு இருந்தால் உரிமை பிறக்கும் என்பதற்கும் ஓர் அளவு வந்திருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வியர்வை சிந்தியதால் மட்டும் உரிமை வராது, தேர்விலும் அமைப்பிலும் சிறிதளவாவது சொந்தப் படைப்புத் திறன் தெரிய வேண்டும் என்றது. நாலு முழச் சதுரப் பெட்டியை வரைந்தவருக்கு இந்தத் தீர்ப்பு தொல்லை தரலாம். கூட்டின் வளைவைத் தாமே அமைத்தவருக்குத் தராது.

சிக்கலான இடம் அடுத்து வருகிறது. டிராயிங்கைப் பார்த்து வண்டியைக் கட்டினால் அது நகல் எடுத்ததாகுமா? பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இருபரிமாணப் படைப்பை முப்பரிமாணத்தில் ஆக்குவதும் மறுபதிப்பே என்கிறது. அத்தோடு விட்டிருந்தால் டிராயிங் எழுதியவர் வண்டிக்கும் உரியவர் ஆகிவிடுவார். ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. தொழில்நுட்ப வரைபடம் போன்ற ஒன்றிலிருந்து, பயனுள்ள சாதனமொன்றின் முழுக்க முழுக்கச் செயல்பாடு சார்ந்த பகுதியைத் தொழில் பயன்பாட்டுக்காக முப்பரிமாணத்தில் செய்வது மீறல் ஆகாது. சேசிஸ், ஆக்சில் தாங்கி, கொக்கிச் சட்டம் எல்லாம் இந்த விலக்குக்குள் விழும். கூட்டின் வெளிவளைவு விழுமா என்பது வாதத்துக்குரியது.

இரண்டாவது தடை 15ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அந்த வடிவம் கொண்ட பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அவ்வடிவத்தின் பதிப்புரிமை அற்றுப்போகும். இதன் கடுமையைத் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் வட்டாரத்தில் விளக்கத் தேவையில்லை. இங்குள்ள ரெடிமேட் சட்டைக் கூடங்களில் ஒரு கட்டிங் மாஸ்டர் அட்டையில் வெட்டிய பேட்டர்னை வைத்து ஒரே வெட்டில் அடுக்கு அடுக்காகத் துணி இறங்கும். காலையில் போட்ட புது மாடல் மதியத்துக்குள் 50ஐத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு பக்கத்துக் கூடம் அதே மாடலைப் போட்டால் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க வழியில்லை. முன்கூட்டி வடிவமைப்பைப் பதிந்திருக்க வேண்டும். அதன் காலம் 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவதற்கு முன் எங்கும் வெளியிட்டிருக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியாத நிபந்தனை.

இந்த இரண்டு சட்டங்களின் எல்லைக்கோட்டில் இந்தியா கண்ட மிக முக்கியமான வழக்கு, தற்செயலாக, ட்ரெய்லர் டிராயிங் பற்றியதே. குஜராத்தின் ஐநாக்ஸ் இந்தியா நிறுவனம் திரவ இயற்கை எரிவாயுவை மிகக் குளிர்ந்த நிலையில் ஏற்றிச் செல்லும் செமி ட்ரெய்லர்களைச் செய்கிறது. தன் பொறியியல் வரைபடங்களையும் அவற்றோடு சேர்ந்த எழுத்து ஆவணங்களையும் கிரையோகாஸ் எக்விப்மென்ட், எல்என்ஜி எக்ஸ்பிரஸ் ஆகியவை எடுத்துப் பயன்படுத்தின என்பது அதன் குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு ஒரே வரியில் பதில் சொன்னது: இவை வடிவமைப்புகள், பதிவு செய்யவில்லை, 50க்கு மேல் வண்டிகள் செய்தாயிற்று, ஆகவே பதிப்புரிமை செத்துப்போயிற்று. வணிக நீதிமன்றம் அதை ஏற்று, சாட்சி விசாரணைக்கே போகாமல் பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரித்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 15 அன்று உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது.

அத்தீர்ப்பு இரண்டு படிகளை வகுத்தது. முதலில், அந்தப் படைப்பு தன்னளவில் பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பா, அல்லது அதிலிருந்து பிறந்து தொழில்முறையில் பொருளின்மேல் ஏறிய வடிவமைப்பா என்று பார்க்க வேண்டும். பதிப்புரிமை கிடைக்காது என்று வந்தால், அது வடிவமைப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்குத் தகுமா என்பதைச் செயல்பாட்டுப் பயன் என்ற அளவுகோலால் அளக்க வேண்டும். அதன் முதன்மை நோக்கம் கண்ணுக்கு அழகா, வேலைக்குப் பயனா? வழக்குக்கு வழக்கு சான்று பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும், பிராதைப் படித்த மாத்திரத்தில் முடியாது என்றது நீதிமன்றம். வரைபடத்தை வண்டியோடு ஒட்டி இரண்டையும் ஒன்றாகப் புதைத்துவிட முடியாது என்பதே பொழுதுபோக்கு வரைவாளருக்கு இதில் கிடைக்கும் நன்மை.

இதை இன்னும் நுணுகிப் பார்த்தால், டிராயிங் விற்பவரின் நிலை வண்டி விற்பவரின் நிலையைவிட உறுதியானது என்று தெரியும். 50 என்ற கணக்கு பொருளுக்கு உரியது, தாளுக்கு அல்ல. ஒருவர் ஐயாயிரம் பேருக்கு டிராயிங் விற்றாலும் அவர் ஒரு வண்டிகூடச் செய்யவில்லை. வாங்கியவர்களில் 50 பேருக்கு மேல் அவர் அனுமதியோடு கட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 'தொழில்முறை' என்ற சொல்லுக்குள் வீட்டுக் கொட்டகை வேலை வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். வடிவமைப்புச் சட்டம் கைவேலையையும் தொழில்முறைக்குள் சேர்ப்பதால் வாதம் ஒருதலையாக இராது. எதிராகவே முடிந்தாலும் பறிபோவது வண்டியின் தோற்றம்பற்றிய உரிமை. செய்முறை எழுத்து, அட்டவணை, புகைப்படம் ஆகியவற்றின் உரிமையை 15ஆம் பிரிவு தொடுவதில்லை. இணையத்தில் களவாடி விற்பவர் விற்பதும் வண்டியை அல்ல, அந்தத் தாள்களைத்தான். அவர்மீது வழக்குப் போட, பிறர் வண்டி கட்டுவதைத் தடுக்கும் உரிமை தேவையே இல்லை. இதை உணராமல் 'என் வண்டியைப் போல யாரும் செய்யக் கூடாது' என்று தொடங்குபவர்கள் எளிய வழக்கைக் கடினமாக்கிக்கொள்கிறார்கள்.

டிராயிங் வெளியே போகுமுன் நடக்கும் களவுக்கு வேறொரு மருந்து உண்டு. டெல்லி உயர் நீதிமன்றம் 1987இல் தீர்த்த ஜான் ரிச்சர்ட் பிரேடி வழக்கு அதற்கு முன்னோடி. எல்லாப் பருவத்திலும் பசுந்தீவனம் முளைக்கவைக்கும் ஓர் அலகை வாதி உருவாக்கினார். அதற்கான வெப்பத்தடுப்புப் பலகைகளைச் செய்து தருவதற்காக எதிர்த்தரப்பிடம் டிராயிங்குகளை நம்பிக்கையின்பேரில் காட்டினார். ஆர்டர் கொடுக்கவில்லை, ஆனாலும் எதிர்த்தரப்பு அதே போன்ற அலகைச் செய்யத் தொடங்கியது. நம்பிக்கையில் பெற்ற தகவலைப் பயன்படுத்தித் தொழிலில் முந்திக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. வெல்டிங் பட்டறைக்கோ லேத்துக்கோ டிராயிங் கொடுக்கும்போது, இந்த வேலைக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது இதனால்தான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அறிவுசார் சொத்துரிமை என்றதும் பலர் நினைவுக்கு வருவது 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. அந்த வழி இங்கே பயன்படாது. புவிசார் குறியீடு ஓர் ஊரின் பெயரைக் காக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வெளியூர்ப் பூட்டு விற்கக் கூடாது, அவ்வளவே. மாங்காய்ப் பூட்டின் உள்ளமைப்பைப் பார்த்து வேறொரு ஊரில் வேறு பெயரில் ஒருவர் செய்தால் அதைத் தடுக்காது. தனியொருவர் வரைந்த தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மறுவிற்பனை என்பதே குற்றமா என்று கேட்கலாம். சென்னை மூர் மார்க்கெட் தொடங்கிப் பல ஊர்ப் பழைய புத்தகக் கடைகள் மறுவிற்பனையில்தான் வாழ்ந்தன. சட்டமும் அதை ஒப்புகிறது. பிரதிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளுக்கு அது பொருந்தாது. எனவே அச்சிட்ட டிராயிங் புத்தகத்தை வாங்கி, வண்டி கட்டி முடித்ததும் பாதி விலைக்கு விற்றால் யாரும் கேட்க முடியாது. பிடிஎஃப் கோப்பில் நடப்பது வேறு. விற்றவர் கையில் ஒன்று நிற்க, வாங்கியவர் கையில் புதிதாக ஒன்று பிறக்கிறது. அது மறுபதிப்பு. இணையத்தில் ஏற்றிவைப்பது பொதுமக்களுக்குத் தெரிவித்தல் என்ற இன்னோர் உரிமையின் மீறல். 'நான் காசு கொடுத்து வாங்கியது, என் இஷ்டம்' என்ற வாதம் தாள் பிரதிக்குச் செல்லும், கோப்புக்குச் செல்லாது.

மூலவர் வெளிநாட்டவர் என்பதும் தப்பிக்க வழியாகாது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் இருக்கிறது, அமெரிக்கா 1989இல் சேர்ந்தது. அமெரிக்கப் பொழுதுபோக்காளரின் தொகுப்பை நத்தத்திலிருந்து விற்றாலும் இந்தியச் சட்டம் பாயும். அவர் இங்கே எதையும் பதிந்திருக்கத் தேவையில்லை. எதிர்த்திசையிலும் ஒரு சலுகை உண்டு. அமெரிக்கர் தம் நாட்டில் வழக்குப் போடுமுன் படைப்பைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும், இந்தியாவில் முதலில் வெளியான இந்தியரின் படைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழைய அமெரிக்க இதழ்ப் படங்கள் தனி வகை. 1964க்கு முன் அங்கு வெளியாகி, 28ஆம் ஆண்டில் உரிமை புதுப்பிக்கப்படாதவை அந்நாட்டில் பொதுச்சொத்து. இணையத்தில் விற்கும் 'பழங்கால டியர்டிராப்' தொகுப்புகள் சில இப்படிப்பட்டவை. அவற்றைத் துப்புரவாக்கி மறுபடி வரைந்தவர் தம் புதிய வரைவுக்கும் குறிப்புக்கும் மட்டும் உரிமை கொண்டாடலாம், அடியிலுள்ள வளைவுக்குக் கொண்டாட முடியாது.

உரிமை யாருடையது என்பதில் வரைவாளர்களே அடிக்கடி சறுக்குகிறார்கள். கையால் கிறுக்கிய படத்தை ஆட்டோகேடில் வரைந்து தரும்படி ஓர் இளைஞரிடமோ கணினி மையத்திலோ கொடுப்பது வழக்கம். கூலி கொடுத்தாயிற்று, இனி அது தமது என்று எண்ணுவார்கள். புகைப்படம், உருவப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே காசு கொடுத்துச் செய்யச்சொன்னவர் முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. தொழில்நுட்ப வரைபடம் அந்தப் பட்டியலில் இல்லை. ஊழியராக இல்லாமல் கூலிக்கு வரைந்தவர், தம் வரைவில் சொந்தமாகச் சேர்த்த பகுதிக்கு உரிமை கேட்கலாம். எழுத்து மூலம் உரிமையை மாற்றி வாங்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா என்றும் சட்டம் தானே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் உலகம் முழுக்க விற்கப் போகிற தொகுப்புக்கு இது போதாது.

ஒவ்வொரு தாளிலும் வரைந்தவர் பெயர், ஆண்டு, பதிப்பு எண், 'ஒருவர் ஒரு வண்டி கட்டுவதற்கு மட்டும், பிரதியெடுத்து விற்கக் கூடாது' என்ற நிபந்தனை இருக்க வேண்டும். முகப்பில் மட்டும் இருந்தால் முகப்போடு போய்விடும். இதற்கு ஒரு சட்டப் பயனும் இருக்கிறது. பதிப்புரிமை இருப்பது தமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை என்று எதிரி நிரூபித்தால் தடையும், இலாபம் முழுவதுமோ அதில் ஒரு பங்கோ தவிர, இழப்பீடு கிடைக்காது. தாள்தோறும் பெயர் இருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது. மேலும் 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு, இத்தகைய உரிமைத் தகவலை வேண்டுமென்றே நீக்குவதையே 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. வாங்கியவரின் பெயரையும் ஆர்டர் எண்ணையும் நீர்க்குறியாக அச்சிடுவது கசிவு எங்கிருந்து வந்தது என்று காட்டும். ஆனால் பயனரை அடையாளம் காட்டும் ஏற்பாடு, உரிமைத் தகவல் என்ற இலக்கணத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே வரியில் கலக்காமல் தனித்தனியாக வைப்பது நல்லது.

நிலப்படம் வரைபவர்கள் பயன்படுத்திய பழைய தந்திரம் ஒன்று இங்கும் உதவும். 1930களில் அமெரிக்க நிறுவனமொன்று நியூயார்க் மாநிலப் படத்தில் 'அக்லோ' என்ற இல்லாத ஊரைச் சேர்த்துவைத்தது, நகலெடுப்பவரைப் பிடிப்பதற்காக. டிராயிங்கிலும் குறிப்பு எழுத்தில் ஒரு விசித்திரச் சொற்றொடர், ஓரத்தில் தேவையற்ற ஒரு புள்ளி என்று பொறி வைக்கலாம். அளவில் மட்டும் பொறி வைக்கக் கூடாது. நேர்மையாக வாங்கியவரின் வண்டியும் அதே அளவில்தான் எழும்பும்.

பதிப்புரிமை பிறக்கப் பதிவு தேவையில்லை, படைத்த கணமே பிறந்துவிடும். இருந்தும் பதிவேட்டுப் பதிவு முதல்நோக்குச் சான்றாகும், எதிரிதான் அதை முறிக்க வேண்டும். கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. விற்பனைப் பொருளோடு சேர்த்துப் பயன்படும் கலைப்படைப்பு என்றால் 2,000 ரூபாயும் வணிகக்குறி அலுவலகச் சான்றும் கேட்பார்கள். எனவே அது எந்த வகையில் அடங்கும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெளிவாக எழுத வேண்டும்.

களவு கண்ணில் பட்டதும் புகார் அனுப்பத் தோன்றும். அதற்கு முன் சான்றைக் கட்ட வேண்டும், ஏனெனில் புகார் போனதும் கடை மறைந்துவிடும். விற்பனைப் பக்கத்தை முழு முகவரி, தேதி, நேரம் தெரியப் படம்பிடிக்க வேண்டும். ஒரு பிரதியை விலைக்கு வாங்கி, பணம் போன ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் மின்னணுக் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் இடம்பெறும். வாங்கிய அன்றே ஹாஷ் எடுத்துக் குறித்துவைத்தால் பின்னால் கோப்பு திருத்தப்பட்டது என்ற வாதம் எழாது. பழைய கைப்படங்கள், தேதியுள்ள கணினிக் கோப்புகள், கட்டுமானப் புகைப்படங்கள் ஆகியவை முன்னுரிமையை நிறுவும். ஆகவே கிறுக்கல் தாள்களைக் குப்பையில் போடக் கூடாது.

அமெரிக்கத் தளங்களில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படியான அகற்றல் அறிவிப்பே விரைவான வழி. இந்தியர் எவரும் அதை அனுப்பலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் எதிர் அறிவிப்பு கொடுத்து, 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால் பொருள் மீண்டும் கடைக்கு வரும். இந்தியச் சட்டத்தில், கோப்பைத் தேக்கிவைக்கும் இடைநிலையாளருக்கு எழுத்துப் புகார் போனால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திறந்துவிடலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எதையும் அகற்ற மாட்டோம் என்று தளங்கள் சொல்வது வழக்கம். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, எந்தக் கோப்பு, எந்த முகவரி என்று குறிப்பாகச் சுட்டிய அறிவிப்பே போதும் என்பது மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016இல் சொன்ன முடிவு. 'உங்கள் தளத்தில் என் டிராயிங்குகள் திருடப்படுகின்றன' என்ற பொதுப் புலம்பலுக்கு அந்த வலு இல்லை. இணையச் சந்தைகளுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இன்னொரு கடமையையும் வைத்தன. பதிப்புரிமைக் காரணத்தால் அகற்றப்பட்டதை மீண்டும் மீண்டும் கொண்டுவரும் விற்பனையாளர்களை அடையாளம் காணும் பதிவை அவை பேண முயல வேண்டும். புகாரில் இந்த விதியைக் குறிப்பிடுவோர் குறைவு.

டெலிகிராம் போன்ற இடங்களில் விற்பவர் முகமே தெரியாது. இதற்கு 2022 ஆகஸ்டில் ஒரு வழி திறந்தது. போட்டித் தேர்வுகளுக்குப் பாடம் நடத்தும் நீத்து சிங், தம் புத்தகங்களும் பாட வீடியோக்களும் டெலிகிராம் சேனல்களில் பரவுவதாக வழக்குத் தொடுத்தார். ஒரு சேனலை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைத்தது. சேனல் நடத்துவோரின் விவரத்தைத் தர முடியாது, தங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்காது என்றது நிறுவனம். சர்வர் வெளிநாட்டில் இருப்பதால் இந்திய உரிமையாளர் பரிகாரம் இல்லாமல் நிற்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தொலைபேசி எண், ஐபி முகவரி ஆகியவற்றை மூடிய உறையில் தரச் சொன்னது. நிறுவனம் தந்தது. பயிற்சி நூலுக்குச் செல்லும் இந்த வழி டிராயிங் தொகுப்புக்கும் செல்லும்.

பெயர் தெரியாத எதிரிக்கு இந்திய நீதிமன்றங்கள் 'அசோக் குமார்' என்று பெயரிட்டுத் தடை விதிப்பது உண்டு. வழக்கை எங்கே போடுவது என்பதில் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு எளியவர் பக்கம் நிற்கிறது. எதிரி டெல்லியிலோ சூரத்திலோ இருந்தாலும், உரிமையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். நத்தத்தில் இருப்பவருக்கு அது திண்டுக்கல். இழப்பீட்டு வழக்குக்குக் காலவரம்பு மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

குற்றவியல் வழியும் இருக்கிறது. தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார இலாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம். இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் முடிவு செய்தது. காவல் நிலையத்தில் 'இது சிவில் விஷயம்' என்று திருப்பி அனுப்பும் பதிலுக்கு அன்றோடு ஆதாரம் போயிற்று. மறுபக்கம், கையில் ஒன்றும் இல்லாமல் 'வழக்குப் போடுவேன்' என்று மிரட்டுபவர்மீது மிரட்டப்பட்டவரே 60ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். தாமே வரைந்த ஒருவரைத் திருடர் என்று சொல்லி நோட்டீஸ் விடுபவருக்கு இந்தப் பிரிவு காத்திருக்கிறது.

இலவசமாகக் கொடுக்க விரும்புவோர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகப் பயனைத் தடுக்கும் வகையைத் தேர்வது வழக்கம். பகிரலாம், விற்கக் கூடாது. மீறி விற்றால் உரிமம் தானே முடிந்து, விற்றவர் சாதாரண மீறல்காரர் ஆகிவிடுவார். ஆனால் அந்த உரிமமும் தாளைத்தான் ஆளும். அதைப் பார்த்துக் கட்டிய வண்டியை ஒருவர் விற்பதையோ வாடகைக்கு விடுவதையோ அது கட்டுப்படுத்தும் என்று நம்ப முடியாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தை, பெற்றவரிடமிருந்து திரும்பப் பெறவும் முடியாது. பின்னாளில் விலைக்கு விற்கும் எண்ணம் இருந்தால் முழுத் தொகுப்பையும் அப்படி விடாமல், பக்கத்தோற்றத்தையும் சாமான் பட்டியலையும் மட்டும் திறந்துவைத்து, வெட்டுக் கணக்கையும் செய்முறையையும் விலைக்கு வைப்போர் உண்டு. திருத்தப் பதிப்புகளை வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புவது அதனினும் பயனுள்ளது. அப்போது களவுப் பிரதி பழைய பிரதியாகவே நிற்கும். எவ்வழியில் வெளியிட்டாலும் வரைந்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை நிலைக்கும். வாரிசுகளுக்கு அது போய்ச் சேர, வீட்டுப் பத்திரங்களோடு மூலக் கோப்புகளும் கடவுச்சொற்களும் உரிமை மாற்று எழுத்துகளும் இருக்க வேண்டும்.